ஏரோப்ளேன் மாடி

“மாடியைத் திறந்து விடுங்க சார்.”

செந்தமிழ் கேட்டே விட்டாள்.

அதைக் கேட்கக் கூடாது என்று அவளிடம் இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருவர் பள்ளித் தலைமை ஆசிரியை சிவசங்கரி டீச்சர். இன்னொருவர் அம்மா.

டீச்சராவது பரவாயில்லை. விமான நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி பேச வருகிறார் என்று ஆறாம் வகுப்புக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார். “இதை மட்டும் கேளுங்க. சொந்தச் சரக்கு எதையும் அவுத்து விடாதீங்க” என்று எச்சரித்திருந்தார். செந்தமிழின் சீட்டில், ‘விமானத்தின் இறக்கை ஏன் ஆடுவதில்லை?’ என்று இருந்தது. ராஜ்கமலின் சீட்டில், ‘விமானத்தில் சாப்பாடு கொடுப்பார்களா?’ என்று இருந்தது. கொடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு அவன் திருப்தியாக உட்கார்ந்திருந்தான்.

அம்மா சொன்னது வேறு மாதிரி. செந்தமிழின் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். “அந்த மாடியப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது.”

சத்தியம் இப்போது சுக்குநூறாகிவிட்டது.

“எந்த மாடிம்மா?” என்று கேட்டார் அதிகாரி பலராமன்.

“ஏரோப்ளேன் பாக்கற மாடி சார். பத்து ரூபா டிக்கெட் வாங்கிட்டு மேல ஏறி நின்னு பாப்போமே, அது. போன வருசம் மூடிட்டீங்க.”

சிவசங்கரி டீச்சர் தொண்டையைச் செருமினார். உட்கார் என்று அர்த்தம். செந்தமிழ் உட்காரவில்லை.

“ஏர்போர்ட் வளருதும்மா” என்றார் பலராமன். “புதுக் கட்டடம் வருது, ரன்வே நீளமாவுது. இனிமே ஒரு நாளைக்கு ஆறு ஃபிளைட். நம்ம பக்கம் வளர வேண்டாமா?”

“வளரட்டும் சார். நாங்க எங்க நிக்கறது?”

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பலராமன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உண்மையச் சொல்லட்டா? மூடி ஒரு வருசம் ஆச்சு. திறந்து விடுங்கன்னு இதுவரைக்கும் ஒரு ஆள் வந்து கேக்கல. நீதான் மொதல் ஆளு.”

செந்தமிழிடம் இன்னொரு கேள்வி இருந்தது. அதுதான் உண்மையான கேள்வி. ‘எங்கம்மாவாலதான் மூடினீங்களா?’ ஆனால் ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ராஜ்கமல் எதிரில் அதைக் கேட்க முடியுமா? அதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

“சரி, தைரியமா கேட்டதுக்காக உனக்கு ஒரு பாஸ் தர்றேன்” என்றார் பலராமன். “வர்ற வெள்ளிக்கிழமை டீச்சரோட வா. புது லவுஞ்சுல உக்காந்து கண்ணாடி வழியா ஃபிளைட் பாக்கலாம்.”

“எங்கம்மாவக் கூட்டிட்டு வரலாமா சார்?”

“ஸ்டூடன்ட் ஒருத்தர், டீச்சர் ஒருத்தர். அவ்ளோதாம்மா பாஸ்.”

*

செந்தமிழின் அம்மா அம்சவல்லி உப்பளத்தில் கூடை சுமக்கிறவள்.

மரக்காணம் உப்பளத்தில் வெயில் இரண்டு முறை அடிக்கும். மேலேயிருந்து ஒரு முறை, உப்பில் பட்டுத் திரும்பிக் கீழேயிருந்து ஒரு முறை. தலையில் ஈர உப்பு, காலுக்கடியில் ஒற்றையடி வரப்பு. நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும். கண் கூசினால் கால் வழுக்கும். அதனால் வருஷம் முழுக்க அம்மாவின் கண் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு நாள் தவிர.

ஆயுத பூஜையன்று உப்பு வாரும் பலகையையும் கூடையையும் மண்வெட்டியையும் கழுவி, குங்குமம் வைத்து, பொரி படைப்பார்கள். அன்றைக்கு அவற்றை யாரும் தொடக் கூடாது. பலகைக்கு லீவு என்றால் அம்மாவுக்கும் லீவு. உப்பளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி விமான நிலையத்துக்குப் போவார்கள்.

அந்த மாடி ஒன்றும் அரண்மனை இல்லை. பழைய கட்டடத்தின் மொட்டை மாடி. இடுப்பளவு கைப்பிடிச் சுவர், சொட்டுகிற ஒரு குழாய், சுண்டல் விற்கும் ஒருவர். மூன்று மணிக்கு ஒரு விமானம் வரும். மூன்றரைக்குத் திரும்பிப் போகும். அவ்வளவுதான்.

ஆனால் விமானத்தின் இறக்கையில் இருக்கும் அந்த விசிறிகள் சுற்ற ஆரம்பித்தால் பன்னிரண்டு பேரின் முந்தானையும் ஒரே பக்கமாகப் பறக்கும். சத்தம் வயிற்றுக்குள் போய் அதிரும். விமானம் ஓடி, எம்பி, மேலே ஏறும். அப்போது அம்மா முகத்தை நன்றாக அண்ணாந்து, வாயைத் திறந்து, குழந்தை மாதிரி பார்ப்பாள்.

“சக்கரம் உள்ள போவுது பாரு! கோழி காலை மடக்கற மாதிரி!”

ஒவ்வொரு வருஷமும் இதையேதான் சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி சொல்வாள். அம்மாவின் கழுத்து எவ்வளவு நீளம் என்பதே அந்த மாடியில்தான் செந்தமிழுக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் முன்பு அங்கே ஒரு கூத்து நடந்தது.

உப்பளத்தில் கூப்பிட்டால் குரல் கேட்காது. காற்று தின்றுவிடும். அதனால் மழை மேகத்தை முதலில் பார்க்கிறவர் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றுவார். அதைப் பார்த்தவுடன் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி, உப்புக் குவியலைக் கீற்றுப் போட்டு மூட வேண்டும். என்ன ஏது என்று நின்று கேட்கிற வழக்கமே கிடையாது. கேட்டு முடிப்பதற்குள் உப்பு கரைந்து ஓடிவிடும்.

அன்றைக்கு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு மேகம். அம்மா யோசிக்கவே இல்லை. கை தானாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து விர்ரென்று சுற்றியது.

மற்ற பதினொரு பேரும் சுண்டலை வீசிவிட்டு எழுந்தார்கள். “கீத்தெடு! கீத்தெடு!” என்று கத்திக்கொண்டே ஆராயி அத்தை முதலில் படியிறங்கினாள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, என்ன ஆபத்தோ என்று மாடியில் இருந்த மற்றவர்களும் ஓடினார்கள். காவலாளி விசிலை ஊதிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

கீழே வந்த பிறகுதான் ஆராயி அத்தை திடுக்கென்று நின்றாள்.

“ஏண்டி அம்சு, இங்க நம்ம உப்பு எங்கடி இருக்குது?”

பன்னிரண்டு பேரும் சிரித்து உருண்டார்கள். காவலாளி சிரிக்கவில்லை. ஒரு நோட்டைத் திறந்தார்.

“துண்டு சுத்தினது யாரு? பேரு என்ன?”

“அம்சவல்லிங்க.”

எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷம் போனபோது மாடிக்குப் போகும் வழியில் தகரச் சுவர் நின்றது. ‘பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.’ பன்னிரண்டு பேரும் ரோட்டில் நின்றார்கள். சத்தம் மட்டும் கேட்டது. தகரத்துக்கு மேலே விமானத்தின் வால் நுனி நகர்ந்து போனது.

“நம்மளுக்கெல்லாம் எதுக்கு ஏரோப்ளேன்? வாங்கடி போலாம்” என்றாள் ஆராயி அத்தை.

திரும்பும் பஸ்ஸில் அம்மா செந்தமிழின் காதில் சொன்னாள். “என்னாலதான்டி மூடிட்டாங்க. அந்த நோட்டுல என் பேரு இருக்குது.”

சத்தியம் வாங்கியது அப்போதுதான்.

*

“சத்தியம் பண்ணியா இல்லியா?” என்றாள் அம்மா, பாஸைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன்.

“பண்ணேன்.”

“அப்புறம் ஏன் கேட்ட?”

“நான் கேக்கலம்மா. வாய்தான் கேட்டுடுச்சு.”

“வாய் என்ன வாடகைக்கா வந்துது?” அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. “என் பேரச் சொன்னியா?”

“இல்லம்மா.”

அம்மா காலைக் கழுவப் போனாள். பாதத்தில் வெடித்திருந்த இடங்களில் தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். கழுவி முடித்தும் வாளி அருகிலேயே நின்றாள்.

“சரி, போய்ட்டு வா. பாஸ் குடுத்தாங்கன்னா நல்ல மனுசங்கதான்.” பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். “சக்கரம் இன்னும் அப்பிடித்தான் மடங்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு.”

அன்றைக்குச் செந்தமிழுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை விமான நிலைய வாசலில் வேன் நின்றது. டீச்சர் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் செந்தமிழுக்குத் திக்கென்றது. மாடியில் நோட்டு எழுதிய காவலாளியின் அதே மீசை. அதே விசில், கழுத்தில். சட்டையில் ‘தங்கராசு’ என்று பெயர் குத்தியிருந்தது.

மெல்ல அவர் பக்கம் போனாள்.

“அண்ணா, மாடியில நீங்கதானே இருந்தீங்க? ஒரு நோட்டு வெச்சிருந்தீங்களே?”

தங்கராசு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பாப்பா யாரு, போலீஸா?”

“இல்லண்ணா, ஆறாம் கிளாஸ்.”

அவர் சிரித்துவிட்டார். மேஜை இழுப்பறையில் கை விட்டு, அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். செந்தமிழ் பக்கங்களைப் புரட்டினாள்.

‘கைப்பிடிச் சுவரில் ஏறியவர்: மோகன்.’

‘விமானத்தைப் பார்த்து நாக்கைத் துருத்தியவர்: ரேகா, வயது ஐந்து.’

‘பணி நேரத்தில் தூங்கியவர்: தங்கராசு.’

“இது உங்க பேராச்சே!”

“தப்புன்னா தப்புதான பாப்பா. எழுதிடணும்.”

அடுத்த பக்கத்தில் இருந்தது. ‘துண்டு சுற்றி எல்லோரையும் ஓட விட்டவர்: அம்சவல்லி, மரக்காணம்.’

செந்தமிழின் விரல் அந்த எழுத்தின் மேல் நின்றது. “இதைப் படிச்சிட்டுத்தான் மாடிய மூடினாங்களா?”

“இதையா? இதை யாரு படிச்சா?” தங்கராசு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “அதிகாரி கையெழுத்துப் போடற எடம் இது. எல்லாம் காலி, பாரு. எழுதினவன் நான், பொட்டியில போட்டவன் நான். மாடி வேணாம்னு அதுக்கு முன்னாடியே பிளான்ல கோடு போட்டாச்சு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அன்னிக்கு அந்தம்மா துண்டு சுத்தினதுக்கு ஏத்த மாதிரியே மழை கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சு. அதை நான் எழுதல. அது என் தப்பு.”

அம்மாவால் இல்லை! செந்தமிழுக்குச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு வருஷம்! ஒரு வருஷமாக இல்லாத ஒரு குற்றத்தை அம்மா தலையில் சுமந்துகொண்டிருக்கிறாள், ஈர உப்போடு சேர்த்து.

நாலு அடி நடந்த பிறகுதான் கோபம் வந்தது. யாருமே படிக்கவில்லையா? அப்படியென்றால் மாடியை மூடும்போது, அங்கே பன்னிரண்டு பேர் வந்து அண்ணாந்து பார்ப்பார்கள் என்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லையா? திட்டுவதற்காகக்கூட?

*

புது லவுஞ்சு பளபளவென்று இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். ஏசி குளிரில் சிவசங்கரி டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி.

விமானம் வந்தது.

அது வந்ததே தெரியவில்லை. சத்தமில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு டிவி பார்க்கிற மாதிரி இருந்தது. விசிறிகள் சுற்றின, ஆனால் செந்தமிழின் சடையில் ஒரு முடிகூட அசையவில்லை. விமானம் திரும்பிக் கிளம்பியபோது அவள் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டாள். சக்கரம், சக்கரம்! ஓடியது, எம்பியது. சரியாக அந்த நேரத்தில் புதுக் கட்டடத்தின் தூண் மறைத்துவிட்டது.

அம்மாவிடம் என்ன சொல்வது?

தூணைத் தாண்டிப் பார்க்க இடது பக்கம் சாய்ந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

மாடி!

இடிக்கவே இல்லை. அதே இடுப்பளவுச் சுவர். அதே குழாய், இப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. மாடி முழுக்கக் கால் போன நாற்காலிகள், கை போன நாற்காலிகள். வரிசையாக, ரன்வேயைப் பார்த்தபடி.

“வாம்மா, போட்டோ எடுக்கணும்” என்று பலராமன் வந்தார். கூட ஒரு போட்டோக்காரர். “வீடியோவும் உண்டு. ‘புது லவுஞ்சு ரொம்ப நல்லா இருக்குது’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லு, போதும்.”

கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

“புது லவுஞ்சு நல்லா இருக்குது” என்றாள் செந்தமிழ். “ஆனா எங்க மாடி அப்பிடியே இருக்குது சார். ஒடஞ்ச சேருங்கெல்லாம் உக்காந்து ஏரோப்ளேன் பாக்குது.”

போட்டோக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேமரா ஆடியது. பலராமன் திரும்பி மாடியைப் பார்த்தார். இத்தனை நாள் அந்தப் பக்கம் அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

“அது இப்ப சாமான் போட்டு வைக்கற இடம்மா.”

“சேருக்கெல்லாம் பாஸ் இருக்குதா சார்?”

பலராமன் தாடையைத் தடவினார். பிறகு போட்டோக்காரரிடம் கேமராவை இறக்கச் சொன்னார்.

“இதப் பாரும்மா, நான் ஒருத்தன் முடிவு பண்ற விஷயம் இல்ல இது. மேல எழுதணும். ஆறாவது படிக்கற பொண்ணு ஒண்ணு கேட்டுதுன்னு எழுத முடியுமா? நெறைய பேரு கேக்கணும். மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, நேர்ல வந்து குடுக்கணும். அப்பக்கூட நடக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“சத்தியமெல்லாம் வேணாம் சார்” என்றாள் செந்தமிழ் அவசரமாக. “கைநாட்டு வெச்சா செல்லுமா? ஆராயி அத்தைக்குக் கையெழுத்து வராது.”

“செல்லும்.”

“ஆயுத பூஜை அன்னிக்கு நீங்க இருப்பீங்களா?”

“ஏர்போர்ட்டுக்கு ஏதும்மா லீவு? இருப்பேன்.”

“சரி சார். நான் வர்றேன்.” அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எங்க கிளம்பிட்ட? போட்டோ இன்னும் எடுக்கலியே!”

“பன்னெண்டு பேரோட வந்து எடுத்துக்கறேன் சார்.”

இப்போது திட்டு விழும் என்று நினைத்து டீச்சரைப் பார்த்தாள். சிவசங்கரி டீச்சர் போர்த்தியிருந்த முந்தானையை உதறிச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“மனுவுல ஒரு எழுத்துப்பிழை இருக்கட்டும், அப்புறம் இருக்குது உனக்கு” என்றார்.

கண்ணாடிக் கதவு தானாக விலகியது. வெளியே வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது, சத்தமும் காற்றும் கூடவே வந்தன. அம்மாவிடம் முதலில் எதைச் சொல்வது? உன் பேரை யாரும் படிக்கவில்லை என்றா? இனிமேல் மனுவில் எழுதிப் படிக்க வைக்கப் போகிறோம் என்றா? இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆராயி அத்தைக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைக்காவிட்டால் வாந்தி வந்துவிடும். கூட்டம் சேருவதற்குள் முதல் பஸ்ஸையே பிடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டபடி, செந்தமிழ் வேனைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.